வளைவரையை நகர்த்திப் பார்த்துக் கணக்குப் படிக்கலாம்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபட வினாவுக்கு 8 மதிப்பெண். அட்டவணை போட்டு, புள்ளி குறித்து, வளைவரையை இணைக்கவே நேரம் சரியாக இருக்கும். ஓர் எண்ணை மாற்றினால் வளைவரை என்ன ஆகும் என்று பார்க்க, இன்னொரு வரைபடத்தாள் வேண்டும். அந்த வேலையை நொடியில் முடித்துத் தருவது வரைபடக் கால்குலேட்டர்.

1985-ல் கேசியோ நிறுவனம் இதைக் கையடக்கக் கருவியாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று தனிக் கருவி தேவையில்லை. ஆஸ்திரியாவைச் சேர்ந்த மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001-ல் தொடங்கிய ஜியோஜீப்ரா, இலவசமாகக் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. 2018 முதல் வந்த தமிழக அரசுக் கணிதப் புத்தகங்களின் ‘இணையச் செயல்பாடு’ பகுதியிலும் அது இருக்கிறது.

எப்படிப் பயன்படுத்துவது? y = x² + bx + 1 என்று உள்ளிட்டால் b-க்கு ஒரு ஸ்லைடர் வரும். அதைத் தொடுவதற்கு முன், வளைவரை எந்தப் பக்கம் நகரும் என்று மாணவர்கள் ஊகித்து நோட்டில் எழுத வேண்டும். b = 0 என்றால் முனைப்புள்ளி (0, 1). b = 2 எனில் (−1, 0). b = 4 எனில் (−2, −3). வளைவரை இடப்பக்கம் போவதோடு கீழேயும் இறங்குகிறது. முனைப்புள்ளிகளை மட்டும் இணைத்தால் y = 1 − x² என்ற கவிழ்ந்த பரவளையம் கிடைக்கிறது!

திரை இதைக் காட்டும், காரணம் சொல்லாது. முனைப்புள்ளியில் x = −b/2, அதாவது b = −2x. இதைச் சமன்பாட்டில் பிரதியிட்டால் x² − 2x² + 1 = 1 − x². இந்த இரண்டு வரியை மாணவரே எழுதும்போதுதான் பாடம் முடிகிறது.

கணக்கை ஊருக்குள்ளும் தேடலாம். வெள்ளகோவில் முருங்கைக்காய்ச் சந்தையில் கிலோ x ரூபாய் என்றால் 100 − 2x கிலோ விற்கும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வரவு 100x − 2x² ரூபாய். வரைந்து பார்த்தால் 25 ரூபாயில் வரவு உச்சம் தொடுகிறது: 1,250 ரூபாய். அதற்கு மேல் விலை ஏற்றினால் வரவு குறையும்.

தேர்வறையில் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை என்பதால் கையால் வரையும் பயிற்சியை விட முடியாது. ஆனால், ஹைடெக் லேப் உள்ள பள்ளிகளில் வாரம் ஒரு கணக்குப் பீரியடை இதற்கு ஒதுக்கலாம். ஆசிரியர்கள் மனது வைக்க வேண்டும்.