காற்று வாங்கும் உரிமை



மாலையில் கடற்கரையில் உலாவுவது வேலையற்றவர்களின் வேலை என்று பேசுவோர் உண்டு. மாளிகையில் இருப்பவன் உலாவினால் அது உடல்நலமாம். மூட்டை தூக்குபவன் உலாவினால் அது சோம்பலாம்! இந்த நியாயத்தை நாம் ஏற்பதற்கில்லை. பகலெல்லாம் பாடுபட்டவனுக்குத்தான் மாலைப்பொழுது முதற்சொந்தம்.

புதுவைக் கடற்கரையை எடுத்துக்கொள்வோம். கடலையொட்டி ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் நீளுகிறது சாலை. மாலை மயங்கும் வேளையில் அங்கே வண்டிகளுக்கு வழியில்லை. கார் வைத்திருப்பவனும் காலால்தான் நடக்கவேண்டும். கார் இல்லாதவனும் காலால்தான் நடக்கிறான். ஏற்றத்தாழ்வு மலிந்த நாட்டில் இப்படியும் ஒரு சாலை, அதுவும் நாள்தோறும்!

அங்கே கிடைக்கும் இன்பந்தான் எத்தனை! பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்காற்று ஓடிவருகிறது. காசு கேட்காத காற்று! கீழைக்கடல் ஆதலால் கதிரவன் நம் முதுகுப்புறம், ஊருக்குள் மறைகிறான்; முழுநிலா நாளில் அவன் மறையும் நேரத்திலேயே நிலவு நீரிலிருந்து எழுகிறது. ஒரு பக்கம் 1836ல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம். இன்னொரு பக்கம் கல்தூண்கள் சூழக் காந்தியார் சிலை. சுண்டல்காரர் குரல், பாறையில் மோதும் அலையோசை, பிள்ளைகளின் கூச்சல்! எதிரே வரும் பழைய நண்பனிடம் நின்று நாலு வார்த்தை பேசினால், நாளெல்லாம் பட்ட அலுப்பு எங்கே போயிற்று என்று தெரியாது.

ஆனால் இந்த மாலை, தானாக வந்து நம் மடியில் விழுந்ததா? இல்லை!

பிரெஞ்சு ஆட்சியில் கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளையர் நகரம். மேற்கே தமிழர் நகரம். கடற்காற்று முதலில் யார் வீட்டு சன்னலில் நுழைந்தது என்று சொல்லவேண்டுமா? சாலை திறந்தே கிடந்தாலும், நாளின் பெரும்பகுதியை ஆலைக்குள் பஞ்சுத் தூசியில் கழித்தவனுக்கு ஏது மாலை? பொழுதே அவனுடையதாக இல்லாதபோது கடற்கரை எப்படி அவனுடையதாகும்?

அந்தப் பொழுதைக் கேட்டுத்தான் வ. சுப்பையா போன்றோரின் வழிகாட்டுதலில் புதுவைப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் போராடினார்கள். 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கி பேசியது. பன்னிரண்டு தோழர்கள் மாண்டார்கள். 1937ல் பிரெஞ்சு அரசு இறங்கி வந்தது. எட்டு மணி நேர வேலைநாளுக்குச் சட்டம் வழி திறந்தது. எட்டு மணி வேலை என்றால் என்ன பொருள்? வேலைக்கும் தூக்கத்திற்கும் போக மீதிப் பொழுது மனிதனுக்கே என்று பொருள். கடற்கரையில் நாம் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் அந்தப் பன்னிருவர் கணக்குத் தீர்த்துவிட்டார்கள்.

இன்று அந்தப் பெரிய ஆலைகள் இயங்கவில்லை. ஆலைத் தொழிலாளியின் பேரன் கடையில் நிற்கிறான். விடுதியில் தட்டு கழுவுகிறான். கைப்பேசி கூவியதும் சோற்றுப் பொட்டலத்தோடு பறக்கிறான். அவனுக்கு எட்டு மணி எது, பத்து மணி எது? பக்கத்துத் தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி வேலைக்கு இடங்கொடுக்கும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, அடுத்த மாதமே அது திரும்பப் பெறப்பட்டது. விழித்திருந்தால் மாலை நமது. அயர்ந்தால் அதுவும் போகும்!

மணலின் கதையும் இதுவே. அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. 1980களில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகக் கற்சுவர்கள் எழுந்தன. மணல் தெற்கே தேங்கிற்று. நகரத்தின் கரை அரித்துப் போயிற்று. பாறைகளைக் கொட்டிச் சாலையைக் காத்தார்கள். அரிப்போ வடக்கே நகர்ந்து மீனவர் குப்பங்களைத் தின்றது. பின்னர்க் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்ததால் நகருக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் நமக்கு நடக்க இடம் வேண்டும் என்பதுபோல, மீனவத் தோழனுக்கு வலை உலர்த்த இடம் வேண்டாமா? கடற்கரை என்றால் கரை முழுவதும்தான்!

ஆகவே தோழர்களே, வேலை முடிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு, துணைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு புறப்படுங்கள். ஆசைதீர நடங்கள். இந்த மாலையை யார் வாங்கித் தந்தார்கள் என்று பிள்ளைகள் கேட்கமாட்டார்கள். நீங்களாகவே சொல்லுங்கள்.