பிரிண்டருக்கும் பூட்டு வேண்டும்

திங்கள்கிழமை காலையில் திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வருகிறவர்கள் முதலில் போய் நிற்பது ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில்தான். ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் கடைக்காரரின் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, இரண்டு காப்பி வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். அனுப்பிய ஃபைல் அந்தக் கம்ப்யூட்டரிலேயே கிடக்கிறது. பெரிய மெஷினாக இருந்தால் அதற்குள்ளும் ஒரு நகல் தங்கியிருக்கலாம். பிரிண்டர் என்றால் தாளில் மை பதிக்கும் சாமான் என்றே நினைத்துப் பழகிவிட்டோம். நெட்வொர்க்கில் சேர்த்த நாளிலிருந்து அது பாஸ்வேர்டும் நினைவகமும் உள்ள ஒரு கம்ப்யூட்டர்.

ஆபத்து மெஷினை மாட்டுகிற அன்றைக்கே தொடங்கிவிடுகிறது. பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். நான்கு கம்ப்யூட்டருக்கும் பொதுவாக ஒரு பிரிண்டர். ரவுட்டர் அதற்கு ஓர் ஐ.பி. அட்ரஸ் கொடுக்கிறது. கரண்ட் போய் வந்தால் அந்த அட்ரஸ் மாறிவிடலாம். கம்ப்யூட்டர் பழைய அட்ரஸிலேயே தேடிப் பார்த்துவிட்டு ‘ஆஃப்லைன்’ என்று காட்டும். ரவுட்டரில் பிரிண்டருக்கென்று ஓர் அட்ரஸை நிரந்தரமாக ஒதுக்கி வைத்தால் தொல்லை தீர்ந்தது. ஐந்து நிமிட வேலை. இது தெரியாதவர் கம்பெனியின் சர்வீஸ் நம்பரை கூகுளில் தேடி, முதலில் கண்ணில் படுவதைக் கூப்பிடுகிறார். விளம்பரம் கொடுத்து மேலே வந்து நிற்கும் போலி நம்பர்களுக்கு இவர்தான் இரை. “டிரைவர் பழசாயிட்டு சார், இந்த ஆப்பைப் போடுங்க, பத்து ரூபாய் மட்டும் கட்டுங்க” என்பான் எதிர்முனையில் இருப்பவன். போடுகிற ஆப், நம் திரையை அவன் கையில் கொடுப்பது. எனிடெஸ்க் என்ற ஆப் வழியாக இப்படிப் பணம் பறிபோவதாக ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. சர்வீஸ் நம்பரை மெஷின் வந்த பெட்டியிலும் வாரண்டி அட்டையிலும் பாருங்கள். டிரைவரைக் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

அடுத்தது திறந்து கிடக்கும் வாசல். 2018 நவம்பரில் உலகம் முழுவதும் ஏறக்குறைய 50,000 பிரிண்டர்கள் தாமாகவே ஒரு தாளை அச்சடித்துத் தள்ளின. பியூடிபை என்ற யூடியூபருக்கு ஆதரவு கேட்டு ஒரு ஹேக்கர் செய்த குறும்பு அது. அவர் எதையும் உடைக்கவில்லை. அச்சு வேலையை வாங்கிக்கொள்ளும் 9100 என்ற போர்ட் இணையத்தை நோக்கித் திறந்திருந்தது. அதற்குப் பாஸ்வேர்டே கிடையாது. தாள் வீணானால் போகட்டும். ஸ்கேன் செய்ததை நேராக மெயிலுக்கோ ஃபோல்டருக்கோ அனுப்பும் வசதிக்காக ஆபீஸ் மெயில் பாஸ்வேர்டையே பிரிண்டருக்குள் போட்டு வைத்திருக்கிறோமே, கவலைப்பட வேண்டியது அதற்குத்தான். சர்வீஸ் செய்ய வருகிறவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: அட்மின் பாஸ்வேர்டை மாற்றினீர்களா, ஃபர்ம்வேர் புதுசா, கட்சிக்காரர்களுக்குக் கொடுக்கும் வைஃபையிலிருந்து பிரிண்டர் பிரிந்திருக்கிறதா? “அதெல்லாம் தேவையில்லை சார்” என்று சொல்பவரை நான் மறுபடி கூப்பிட மாட்டேன்.

நகல் தங்குவதைச் சொன்னேன். 2010-இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி, பழைய காப்பியர் நான்கை விலைக்கு வாங்கி ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தது. போலீஸ் ஆவணங்களும் நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளும் அப்படியே இருந்தன. அதில் ஒரு மெஷினை வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்திருந்த அஃபினிட்டி என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம், 2013-இல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டிச் சமரசம் செய்துகொள்ள வேண்டிவந்தது. நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் ரீகண்டிஷன் மெஷின்கள் சகஜம். 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி பெருகி ஜங்ஷனும் கொக்கிரகுளமும் தண்ணீரில் நின்றதே, அப்படி நனைந்த மெஷினைக்கூட அப்படியே பழைய இரும்புக்குப் போட்டுவிடக் கூடாது. நனைந்த டிஸ்க்கிலிருந்தும் தகவலை மீட்க வழி உண்டு. விற்றாலும் கழித்தாலும் மெனுவில் நினைவகத்தை அழித்து, டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு, மிச்சத்தை அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுங்கள்.

காப்பி எடுக்கப் போகிறவருக்கும் ஒன்று. ஆதார் நகலை யாரிடமும் கண்டபடி கொடுக்காதீர்கள், பொதுக் கம்ப்யூட்டரில் இறக்கினால் அழித்துவிடுங்கள் என்று 2022 மே 27-இல் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் அறிவித்தது. தப்பர்த்தம் ஆகிவிடும் என்று இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்றாலும் அறிவுரை நல்ல அறிவுரைதான். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை இலவசமாக இறக்கலாம். அது போதும் என்கிற இடத்தில் அதையே கொடுங்கள். பிரிண்ட் வந்ததும் “ஃபைலை அழிச்சிருங்க அண்ணாச்சி” என்று சொல்லி, அவர் அழிப்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பணம் போய்விட்டால் முதல் வேலை சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைப்பது, பிறகு வங்கி. ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, ஓ.டி.பி. போன்றவற்றை நீங்களே கொடுத்திருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் உங்கள் நஷ்டம். தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால் ஒவ்வொரு நிமிடமும் காசு. உங்கள் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு. நெட்வொர்க்கில் அத்துமீறி நுழைந்தவரிடம் இழப்பீடு கேட்க, மாநில தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் 5 கோடி ரூபாய் வரை மனு செய்யலாம் என்பது பலருக்கும் தெரியாது. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. அதன் முக்கியக் கடமைகள் அமலாக அதிலிருந்து 18 மாதம் ஆகும்.

மெஷினே கோளாறு, கம்பெனி இழுத்தடிக்கிறது என்றால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே புகார் சொல்லலாம். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். “வியாபாரத்துக்கு வாங்கியதுக்கு அங்கே போக முடியாது” என்று கடைக்காரர்களை மிரட்டுவது உண்டு. சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கியவரை 2019 சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் திருநெல்வேலியிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். இத்தனைக்கும் அடிப்படை பில்தான். மெஷின் வாங்கும்போதும் சர்வீஸ் செய்யும்போதும் சீரியல் நம்பர் போட்ட பில்லைக் கேட்டு வாங்கி வையுங்கள்.