ஸ்டாஃப் மீட்டிங்கில் 'வெல்ஃபேர்' பேச்சு: தனியார் கல்லூரி ஊழியர்களுக்கு எது சலுகை, எது சட்ட உரிமை?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் கல்லூரியில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். கடைசி பீரியட் முடிந்ததும் செமினார் ஹாலில் ஸ்டாஃப் மீட்டிங். அட்மிஷன் எத்தனை, ரிசல்ட் எத்தனை சதவீதம், யார் யார் கிராமங்களுக்குப் போய் மாணவர்களைச் சேர்க்கணும் என்று ஒரு மணி நேரம் ஓடும். கடைசியில் "ஸ்டாஃப் வெல்ஃபேர்" என்று ஒரு வரி வரும். பொங்கலுக்கு ஒரு பரிசு, ஊழியர் பிள்ளைகளுக்கு ஃபீஸ் தள்ளுபடி, வருஷத்துக்கு ஒருமுறை இலவச மருத்துவ முகாம், கல்லூரி பஸ்ஸில் இலவசப் பயணம். கூடவே, "பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் தர்றோம்" என்று ஒரு வாக்கியம்.

சிக்கலே அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது. பொங்கல் பரிசும் பிஎஃப்பும் ஒரே பட்டியலில் வந்தால், இரண்டுமே நிர்வாகம் மனசு வைத்துக் கொடுப்பது போலத் தெரியும். பொங்கல் பரிசை அடுத்த வருஷம் நிறுத்தினால் யாரும் கேட்க முடியாது. பிஎஃப்பை நிறுத்தினால் கேட்கலாம், வழக்கும் போடலாம்.

மீட்டிங்கில் திடீர்னு 'வெல்ஃபேர்' வருவது ஏன்?

கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் 'நாக்' அமைப்பின் மதிப்பீட்டில் ஆறாவது அளவுகோல் நிர்வாகமும் தலைமையும் பற்றியது. அதில் 6.3 என்ற பிரிவு ஆசிரியர் மேம்பாட்டுக்கானது. ஆசிரியர்களுக்கும் ஆசிரியர் அல்லாத பணியாளர்களுக்கும் என்னென்ன நலத்திட்டங்கள் இருக்கின்றன என்று அங்கே நேரடியாகவே கேட்கிறார்கள். கருத்தரங்குக்குப் போக ஆசிரியர்களுக்குக் கல்லூரி பணம் கொடுத்ததா என்பதற்கும் மதிப்பெண் உண்டு. அதனால்தான் நாக் குழு வரப்போகிறது என்றால், அதுவரை யாரும் கண்டுகொள்ளாத வெல்ஃபேர் ஃபைல் தூசு தட்டப்படுகிறது.

கல்லூரிகளில் ஐக்யூஏசி என்ற உள் தர உறுதிக் குழுவும் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது இது கூட வேண்டும் என்பது நாக் வழிகாட்டுதல். முதல்வர்தான் தலைவர். ஆசிரியர்கள், நிர்வாகத் தரப்பு, அலுவலகப் பணியாளர், மாணவர், முன்னாள் மாணவர் என்று பல தரப்பிலிருந்தும் உறுப்பினர்கள் இருப்பார்கள். வழக்கமான ஸ்டாஃப் மீட்டிங்கில் பேசியது காற்றோடு போய்விடலாம். இந்தக் குழுவின் கூட்டத்தில் பேசியது மினிட்ஸில் ஏறும். சம்பளச் சீட்டு கேட்பது, பிஎஃப் விவரம் கேட்பது போன்ற கோரிக்கைகளை ஆசிரியர் பிரதிநிதி மூலம் இங்கே வைத்தால் அது எழுத்தில் நிற்கும். பல கல்லூரிகளில் இந்த வழியை யாரும் பயன்படுத்துவதே இல்லை என்பதுதான் வேடிக்கை.

பிஎஃப்: 1982 முதல் கல்லூரிகளுக்கும் உண்டு

வருங்கால வைப்பு நிதி என்றாலே ஃபேக்டரி ஆட்களுக்கானது என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. அரியலூர் சிமெண்ட் ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள் பிஎஃப் கணக்கை விரல் நுனியில் வைத்திருப்பார்கள். பக்கத்து ஊர் கல்லூரியில் பாடம் நடத்துபவருக்குத் தன் யுஏஎன் எண்ணே தெரியாமல் இருக்கும். ஆனால் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கல்வி நிறுவனங்கள் 1982-லேயே பிஎஃப் சட்டத்துக்குள் வந்துவிட்டன.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஓர் உதவிப் பேராசிரியருக்கு மொத்தச் சம்பளம் 18,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 12 சதவீதம், அதாவது 1,680 ரூபாய் அவர் சம்பளத்தில் பிடிக்கப்படும். நிர்வாகமும் அதே 1,680 ரூபாயைத் தன் கையிலிருந்து போட வேண்டும். நிர்வாகத்தின் பங்கில் 8.33 சதவீதம், சுமார் 1,166 ரூபாய், ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும். மீதி 514 ரூபாய் ஊழியரின் பிஎஃப் கணக்கில் சேரும்.

இங்கேதான் ஒரு தில்லுமுல்லு நடக்கும். "உங்க சம்பளம் 18,000. ரெண்டு பங்கையும் அதிலேயே பிடிச்சுப்போம்" என்று சொல்லும் இடங்கள் உண்டு. நிர்வாகத்தின் பங்கை ஊழியர் சம்பளத்தில் கழிக்கக் கூடாது என்பது பிஎஃப் திட்ட விதியிலேயே இருக்கிறது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. 2014 செப்டம்பரில் பிஎஃப் சம்பள வரம்பு 15,000 ரூபாய் ஆனது. இதற்கு முன் பிஎஃப்பே இல்லாத ஒருவர், முதல்முறை சேரும்போதே அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் 15,000-ஐத் தாண்டினால், அவரைக் கட்டாயம் சேர்க்க வேண்டியதில்லை. ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் வேறு கல்லூரிக்கு மாறினால் இந்தக் காரணத்தைச் சொல்லி வெளியே வைக்க முடியாது.

பணம் உண்மையிலேயே கட்டப்படுகிறதா என்று தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. யுஏஎன்-உடன் இணைத்த மொபைலிலிருந்து 9966044425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் மெசேஜ் வரும். உமங் ஆப்பில் பாஸ்புக்கே பார்க்கலாம். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து பாஸ்புக்கில் வரவு இல்லை என்றால் அது சாதாரண தாமதமாக இருக்கலாம். மாதக்கணக்கில் அப்படியே இருந்தால் புகார் கொடுக்க வேண்டிய விஷயம். பிஎஃப் அமைப்பின் ஆன்லைன் குறைதீர் தளத்தில் பதிவு செய்யலாம். நேரில் போக வேண்டுமானால் திருச்சி அலுவலகம்.

இஎஸ்ஐ: பத்து வருட வழக்கு

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்கு இஎஸ்ஐ உண்டு. தமிழ்நாட்டில் தனியார் கல்வி நிறுவனங்களை இதற்குள் கொண்டுவரும் அறிவிக்கை 2010 நவம்பரில் வந்தது. தனியார் கல்வி நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. கல்வி நிலையம் ஒன்றும் வியாபார நிறுவனம் இல்லையே என்பது அவர்கள் வாதம். 2020-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்த அறிவிக்கை செல்லும் என்று சொன்னது.

18,000 ரூபாய் சம்பளக்காரருக்கு 0.75 சதவீதம் என்றால் 135 ரூபாய் பிடித்தம். நிர்வாகம் 3.25 சதவீதம், 585 ரூபாய் கட்டும். 135 ரூபாய்க்குக் கிடைப்பது என்ன? குடும்பத்துக்கே சிகிச்சை. உடம்பு முடியாமல் விடுப்பில் இருந்தால் வருஷத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம். பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம், அதுவும் இஎஸ்ஐ கழகமே தருகிறது. லேப் அட்டெண்டர், பஸ் டிரைவர், ஹாஸ்டல் சமையல்காரர் போன்றவர்களுக்கு இது ஆசிரியர்களைவிடவும் முக்கியம். வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் மருத்துவ முகாமில் பிரஷர், சுகர் பார்த்துச் சீட்டு கொடுப்பார்கள். அதற்குப் பிறகு வாங்க வேண்டிய மாத்திரைக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்விக்கு இஎஸ்ஐ அட்டைதான் பதில்.

கிராஜுட்டி: ஆசிரியர் 'ஊழியரா' என்று கேட்ட வழக்கு

இந்தப் பட்டியலில் மீட்டிங்கில் பெரும்பாலும் வாயே திறக்காத விஷயம் பணிக்கொடை, அதாவது கிராஜுட்டி. காரணம், இதைக் கொடுக்க வேண்டியது முழுக்க நிர்வாகம். ஊழியரிடம் ஒரு பைசா பிடிப்பதில்லை.

1972-ல் வந்த பணிக்கொடைச் சட்டம், 1997 ஏப்ரல் 3 அறிவிக்கையில், பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கல்வி நிறுவனங்களுக்கும் விரிந்தது. ஆனால் அகமதாபாத் தனியார் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் ஒரு விசித்திரமான இடத்தில் வந்து நின்றது. சட்டத்தில் 'ஊழியர்' என்பதற்குத் திறன் உள்ள வேலை, திறன் இல்லாத வேலை, மேற்பார்வை, எழுத்தர் பணி என்று ஒரு வரையறை இருந்தது. ஆசிரியர் வேலை இந்த எதிலும் அடங்காது, எனவே ஆசிரியருக்குப் பணிக்கொடை கிடையாது என்றது தீர்ப்பு. அதாவது, ஆபீஸ் கிளார்க்குக்கு உண்டு, கெமிஸ்ட்ரி நடத்துபவருக்கு இல்லை. வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திக்கொள்ளட்டும் என்றும் நீதிமன்றமே சொன்னது.

2009-ல் திருத்தினார்கள். அதுவும் 1997 ஏப்ரல் 3-லிருந்தே செல்லும் என்று பின்தேதியிட்டுத் திருத்தினார்கள். தனியார் பள்ளிகள் மறுபடியும் வழக்குக்குப் போயின. 2022 ஆகஸ்ட் 29 அன்று உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று முடித்து வைத்தது.

கணக்கு எளிது. கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, பணியாற்றிய வருடங்களால் பெருக்க வேண்டும். 14,000 ரூபாய், 8 வருடம் என்றால் சுமார் 64,600 ரூபாய். பெரம்பலூரில் ஒரு குடும்பத்தின் மூன்று நான்கு மாதச் செலவு அது. கேட்காமல் வந்துவிட்டவர்கள் எத்தனையோ பேர்.

"அஞ்சு வருஷம் ஆகலையே" என்பதுதான் வழக்கமாக வரும் பதில். இதில் இரண்டு விஷயம் கவனிக்கணும். நாலு வருடம் முடித்து, ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் 1998-லேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாரத்துக்கு ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் நிறுவனம் என்றால் 190 நாள் போதும். மே மாதம் "ரிலீவ்" செய்துவிட்டு ஜூனில் புது ஆர்டர் கொடுப்பது சில இடங்களில் நடக்கிற வித்தை. கோடை விடுமுறையை வைத்துப் பணித் தொடர்ச்சியை உடைத்துவிட்டோம் என்று அதை வைத்து வாதாடுவது அவ்வளவு சுலபமில்லை.

இரண்டாவது, 2025 நவம்பர் 21 அன்று நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. பிஎஃப், இஎஸ்ஐ, பணிக்கொடை, மகப்பேறு சட்டங்கள் எல்லாம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டன. அதன்படி, குறிப்பிட்ட காலத்துக்கு என்று எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தில் எடுக்கப்படுபவர்களுக்கு ஒரு வருடம் முடித்தாலே பணிக்கொடை உண்டு. வருஷா வருஷம் புது ஆர்டர் கொடுப்பதன் லாபமே இதில் அடிபடுகிறது. 'சம்பளம்' என்பதன் வரையறையும் மாறியிருக்கிறது. படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் சம்பளமாகவே கணக்கிடப்படும். அடிப்படைச் சம்பளத்தை 5,000 என்று காட்டி மீதியைப் படிகளாக எழுதும் பழக்கத்துக்கு இது செக்.

மகப்பேறு, குழந்தைக் காப்பகம்

இரண்டு மாவட்டங்களிலும் சுற்றுக் கிராமங்களிலிருந்து கல்லூரி பஸ்ஸில் வந்து போகும் பெண் ஆசிரியைகள் நிறைய. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்பது 2017-லிருந்து சட்டம். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். "புரொபேஷன் முடியலை" என்பது காரணமாகாது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கவும் அனுமதிக்க வேண்டும். எத்தனை கல்லூரிகளில் தொட்டில் தொங்குகிறது என்பதை அங்கே வேலை பார்ப்பவர்கள்தான் சொல்லணும். பாலியல் தொல்லை புகார்களுக்கான உள் புகார் குழு, பத்து பேர் வேலை செய்தாலே கட்டாயம்.

அரசுக் கல்லூரியில் நிலைமை என்ன?

அங்கே நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கௌரவ விரிவுரையாளருக்கு நிலைமை வேறு. அவருக்குத் தொகுப்பூதியம், அதுவும் வருஷத்துக்கு 11 மாதம்தான். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று யுஜிசி 2019-ல் வழிகாட்டுதல் கொடுத்தது. அந்தத் தொகையைக் கேட்டுத்தான் தமிழ்நாட்டில் கௌரவ விரிவுரையாளர்கள் போராட்டம், வழக்கு என்று போய்க்கொண்டிருக்கிறார்கள்.

மன அழுத்தம் பற்றி மீட்டிங்கில் பேச்சே வராது. அட்மிஷன் டார்கெட் முடிக்காததற்குச் சம்பளம் நிற்கும் பயம், வீட்டில் கடன் என்று தூக்கம் போனவர்கள் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் கிடையாது, கல்லூரிக்கும் தெரியாது.

வேலையை விடுவதற்கு முன் என்ன செய்யணும்?

அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பளம் வரவான பேங்க் ஸ்டேட்மென்ட், அட்டெண்டன்ஸ் அல்லது டைம்டேபிள் நகல், ஐடி கார்டு. இவற்றை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்குபவர்கள் கையெழுத்துப் போடும் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைக்கலாம். பணிக்கொடைக்கு, வேலையை விட்ட 30 நாளுக்குள் நிர்வாகத்துக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தாமதமாகிவிட்டாலும் அதை மட்டுமே காரணம் காட்டி மறுக்க முடியாது. தொகை பாக்கியான 30 நாளுக்குள் நிர்வாகம் கொடுக்கவில்லை என்றால் வட்டியோடு கேட்டுத் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் மனு போடலாம். விண்ணப்பத்தை ஸ்பீடு போஸ்ட்டில் பதிவு செய்து அனுப்பி, ரசீதையும் டெலிவரிக்கான ஒப்புகையையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.