நாட்டாமை இல்லாத சொற்சண்டை

ஆங்கிலத்தில் ஒரு சொல்லைச் சரியாகத்தான் எழுதினோமா என்று இருவர் மோதிக்கொண்டால், ஒரு காலத்தில் தீர்த்துவைக்க ஆள் இருந்தது. லண்டனில் பத்திரிகை ஆசிரியர்களின் கைக்கெட்டும் இடத்தில் ஃபவுலரின் பயன்பாட்டு அகராதி இருக்கும், 1926இல் வந்தது. "ஃபவுலர் இப்படித்தான் சொல்கிறார்" என்றால் பேச்சு முடிந்தது. இன்று கைப்பேசியை எடுத்து மெரியம்-வெப்ஸ்டர் தளத்தைப் பார்க்கிறார்கள். அச்சு நூல்களில் ஒரு சொல் புழங்கும் அளவைக் கோடாகக் காட்டும் கூகுள் என்-கிராமில் அந்தச் சொல்லின் கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள். சண்டை ஓயவில்லை, தீர்ப்பு சொல்லும் நாட்டாமைதான் போய்விட்டார்.

நாட்டாமை வேண்டும் என்ற ஆசை பழையது. பிரான்சில் 1635 முதலே மொழிக்கு ஓர் அகாதமி உண்டு. அதுபோல இங்கிலாந்திலும் ஒன்று வைத்து, ஆங்கிலத்தை மாறாமல் நிறுத்திவிட வேண்டும் என்று 1712இல் ஜொனதன் ஸ்விஃப்ட் கோரிக்கை வைத்தார். கூட்டத்தைக் குறிக்கும் 'மாப்' என்ற குட்டைச் சொல் அவருக்கு ஆகவே ஆகாது. அகாதமி வரவில்லை, 'மாப்' நிலைத்துவிட்டது. 1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சனும் மொழியை நிறுத்திவைக்கலாம் என்ற நம்பிக்கையோடு தொடங்கியவர்தான். அது நடக்காது என்று அந்த அகராதியின் முன்னுரையிலேயே எழுதிவிட்டார்.

ஆனாலும் அகராதியை நீதிமன்றமாக நினைக்கும் பழக்கம் மக்களை விடவில்லை. அது உடைந்த ஆண்டு 1961. ஃபிலிப் கோவ் பதிப்பித்த வெப்ஸ்டரின் மூன்றாம் பேரகராதி அமெரிக்காவில் அப்போதுதான் வெளிவந்தது. மக்கள் எப்படிப் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள் என்று பதிவதே அகராதியின் வேலை, கண்டிப்பது அல்ல என்பது கோவின் கொள்கை. பள்ளிக்கூடங்களில் பிரம்படி வாங்கித்தந்த 'எயின்ட்' (இல்லை, அல்ல) என்ற சொல்லைப் படித்தவர்களும் பேச்சில் பயன்படுத்துகிறார்கள் என்று அந்த அகராதி குறித்திருந்தது. நாடே கொதித்தது. நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதிச் சாடியது. நியூயார்க்கர் இதழில் டுவைட் மெக்டொனால்ட் நீண்ட கட்டுரையில் கிழித்துத் தொங்கவிட்டார். ரெக்ஸ் ஸ்டௌட் 1962இல் எழுதிய துப்பறியும் நாவலிலோ, துப்பறிவாளர் நீரோ உல்ஃப் அந்த அகராதியைப் பக்கம் பக்கமாகக் கிழித்துத் தீயில் போடுகிறார்.

அமெரிக்கன் ஹெரிடேஜ் நிறுவனத்தின் ஜேம்ஸ் பார்ட்டன் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த அகராதியை வெளியிட்ட மெரியம் நிறுவனத்தையே வாங்கிவிட முயன்றார். அது கைகூடாமல் 1969இல் போட்டி அகராதி கொண்டுவந்தார். சொல் வழக்குகளுக்கு வாக்களிக்க, எழுத்தாளர்களும் அறிஞர்களுமாக நூறு பேர் அளவில் ஒரு குழு அமைக்கப்பட்டது. ஐசக் அசிமோவ் அதில் ஒருவர். 'நல்லபடியாக நடக்கும் என்று நம்புவோம்' என்ற பொருளில் வாக்கியத்தின் தலையில் 'ஹோப்ஃபுலி' போடலாமா என்று கேட்டபோது பெரும்பான்மையோர் கூடாது என்றனர். காலம் போகப்போக ஊர் முழுக்க அப்படியே பேசியது. குழுவோ இன்னும் இறுகியது. 1986இல் நூற்றுக்கு 27 பேர்தான் சரி என்றார்கள். கடைசியில் 2012இல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நடைக்கையேடு அந்தப் பயன்பாட்டை ஏற்றது. 2018இல் குழுவே கலைக்கப்பட்டது.

இன்றைய சாட்சியங்கள் வேறு. வெப்ஸ்டர் ரகளை நடந்த அதே 1961இல் அச்சான எழுத்துகளிலிருந்து பத்து லட்சம் சொற்களைத் திரட்டி, பிரௌன் பல்கலைக்கழகத்தார் கணினியில் ஏற்றினார்கள். 1987இல் பர்மிங்காமில் ஜான் சின்க்ளேர் குழு, இத்தகைய சொல் திரட்டை வைத்தே கோபில்ட் அகராதியை உருவாக்கியது. 1990களில் பிரிட்டிஷ் தேசியத் திரட்டு பத்துக் கோடிச் சொற்களைத் தொட்டது. இப்போது யாரும் யாருடைய காதையும் நம்ப வேண்டியதில்லை, எண்ணிப் பார்த்துவிடலாம்.

எண்ணிப் பார்த்ததில் பல பெரியவர்களின் கோபம் ஆதாரமில்லாதது என்று தெரிந்தது. 'சொன்னபடியே' என்று பொருள்படும் 'லிட்டரலி'யை மிகைப்படுத்தலுக்குப் போடுவதை அகராதி ஏற்றுவிட்டது என்று 2013இல் ஒரே அமளி. டிக்கன்ஸும் மார்க் ட்வெயினும் அப்படி எழுதியவர்கள். மெரியம்-வெப்ஸ்டரில் 1909 முதலே அந்தப் பொருள் இருக்கிறது. ஒருவரை மட்டும் குறிக்க 'தே' (அவர்கள்) போடுவதும் 14ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் வழக்கம்தான்.

இப்படி எண்ணிப் பார்ப்பதில் லாபம் பெரியது. பழைய தீர்ப்புகளில் பல, எந்த வகுப்பார் பேசுகிறார்கள் என்று பார்த்துச் சொன்னவை. 'எயின்ட்' மேல் விழுந்த அடி, அதைப் பேசிய ஏழைகள் மேலும் விழுந்தது. எண்ணிக்கைக்கு அந்தச் சாய்வு குறைவு. நஷ்டமும் உண்டு. ஒரு சொல் எவ்வளவு புழங்குகிறது என்று கோடு காட்டும். இந்த இடத்தில் அது தெளிவாகப் பொருள் தருமா என்று காட்டாது. 'டிஸின்ட்ரஸ்டட்' என்றால் சார்பற்றவர், 'அன்இன்ட்ரஸ்டட்' என்றால் அக்கறையற்றவர். நீதிபதி முதலாமவராக இருக்க வேண்டும், இரண்டாமவராக இருக்கக் கூடாது. இரண்டையும் ஒன்றாகவே பலர் எழுதுகிறார்கள் என்பதற்காக இந்த வேறுபாட்டின் பயன் குறைந்துவிடாது. ஃபவுலர் இன்றும் வாசிக்கப்படுவது அவர் கொடுத்த தீர்ப்புகளுக்காக அல்ல, கூடவே சொன்ன காரணங்களுக்காக.

ரென் அண்ட் மார்ட்டின் ஆங்கில இலக்கண நூலை வேதமாக வைத்துப் படித்த நமக்கும் இது பொருந்தும். ஒன்றை முன்தேதிக்கு மாற்றுவதைக் குறித்து நம் அலுவலகங்களில் புழங்கும் 'ப்ரீபோன்' இன்று ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியில், இந்திய ஆங்கிலம் என்ற குறிப்போடு இருக்கிறது. அந்தச் சொல்லை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். பக்கத்தில் இருக்கும் குறிப்பையும் படியுங்கள். சென்னைக்கு எழுதும் கடிதத்தில் அது தாராளமாக இருக்கலாம். லண்டனுக்கு எழுதும்போது, படிப்பவருக்குப் புரியுமா என்று ஒருமுறை யோசித்துவிட்டுப் போடுங்கள்.