குளியலறைத் தரை ஏன் வழுக்குகிறது?

நாங்கள் புது வீடு கட்டியபோது குளியலறைக்குப் பளபளப்பான வெள்ளை டைல்களைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான். குடிபுகுந்த மூன்றாம் மாதம் அங்கே வழுக்கி விழுந்த என் தாயாருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. உராய்வைப் பற்றி ஆண்டுதோறும் வகுப்பில் பாடம் நடத்துபவன் செய்த வேலை இது! பழைய வீட்டில் அம்மா நாற்பது ஆண்டுகள் குளித்தது சொரசொரப்பான கருங்கல் தளத்தில்.

மாணவ நண்பர்களே, நடக்கும்போது நிகழ்வதைக் கவனியுங்கள். குதிகால் தரையைக் கீழ்நோக்கி அழுத்துவதோடு முன்னோக்கியும் தள்ளுகிறது. சமதளத்தில் இயல்பாக நடப்பவருக்கு இந்த முன்னோக்கிய விசை, கீழ்நோக்கிய விசையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. எனவே உராய்வுக் குணகம் 0.2-க்குக் கீழே போனால் கால் முன்னால் ஓடிவிடும்.

உலர்ந்திருக்கும்போது பளபளப்பான டைலும் இதைவிட அதிக உராய்வைத் தரும். ஆபத்து நீரால் வருகிறது. குதிகால் இறங்கும் கணத்தில் அடியிலுள்ள நீர் வெளியேறியாக வேண்டும். வழவழப்பான பரப்பில் அதற்கு வழியில்லை. மெல்லிய படலமாகச் சிக்கிக்கொண்டு உடல் எடையில் ஒரு பகுதியைத் தானே தாங்கத் தொடங்குகிறது. இயந்திரத்தில் சுழலும் அச்சை எண்ணெய்ப் படலம் தாங்குவதும் இப்படித்தான். அதன் கணிதத்தை ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் வெளியிட்டார். படலம் மெலிய மெலிய அதைப் பிழிந்து வெளியேற்றுவது மேலும் கடினமாகும். சோப்பு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கடின நீருள்ள ஊர்களில் கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் வினைபுரிந்து, கரையாத படிவாகத் தரையில் ஒட்டிக்கொள்ளும்.

சொரசொரப்பான தரையின் நுண்ணிய மேடுகள் நீர்ப்படலத்தைத் துளைத்துக் காலைத் தொடுகின்றன. பள்ளங்கள் நீருக்கு வடிகாலாகின்றன.

ஜெர்மனியில் உருவான ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். சோப்புக் கரைசல் ஓடும் தளத்தின் மீது ஒருவர் வெறுங்காலுடன் நடப்பார். (விழாதபடி அவரைக் கட்டியிருப்பார்கள்!) தளத்தின் சரிவைச் சிறிது சிறிதாக உயர்த்துவார்கள். 12 பாகை வரை நிற்க முடிந்தால் 'ஏ' வகை. 18 என்றால் 'பி'. 24 என்றால் 'சி'. குளிக்குமிடத்துக்கு 'பி' வேண்டும். இக்கோணங்களின் டான்ஜென்ட் மதிப்புகள் 0.21, 0.32, 0.45. 'ஏ' வகை, நாம் கண்ட 0.2-ஐ உரசிக்கொண்டு நிற்பதைப் பாருங்கள்.

நீர் வடிய வாட்டம் கொடுத்தால் அதுவே வழுக்காதா என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வாட்டம் என்றால் கோணம் ஒரு பாகைக்குச் சற்றே அதிகம்; உராய்வுக் கணக்கில் செலவு வெறும் 0.02. எங்கள் குளியலறையில் அந்த வாட்டம்கூட இல்லை. அம்மா விழுந்தது, குழாயடியில் எப்போதும் நீர் தேங்கி நின்ற இடத்தில்.

டைல்களைப் பெயர்த்துச் சொரசொரப்பானவற்றைப் பதித்தோம். கைப்பிடிக் கம்பியும் வைத்தாயிற்று. வாட்டத்தை இம்முறை ரசமட்டம் வைத்து நானே சரிபார்த்தேன். அம்மா இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போகிறார்.