சப்பாத்துத் தொழிற்சாலைப் பையன்



பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிற பாட்டா சப்பாத்து நம் எல்லாருக்கும் பழக்கம். அந்தக் கம்பெனியின் தாய்த் தொழிற்சாலை செக்கோஸ்லோவாக்கியாவில், ஸிலின் என்ற ஊரில் இருந்தது. 16 வயதில் அங்கே கூலி வேலைக்குப் போன ஒரு தச்சர் மகன்தான் எமில் ஸாட்டோபெக்.

ஓட்டத்தில் அவனுக்கு ஆசையே கிடையாது. 18 வயதில் தொழிற்சாலைப் பந்தயத்தில் ஓடச் சொல்லி உத்தரவு வந்தது. உடம்புக்கு முடியலன்னு சொல்லிப் பார்த்தான். டாக்டரிடம் அனுப்பினார்கள், ஒன்றுமில்லை, ஓடலாம் என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். (நம்ம தோட்டத்து டிரெசர் ஞாபகம் வருதா?) வேண்டாவெறுப்பாக ஓடியவன் 100 பேரில் இரண்டாவதாக வந்தான். அதிலிருந்து ஓட்டம் அவனை விடவில்லை.

பிறகு பட்டாளத்தில் சேர்ந்தார். கனத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு காட்டுப் பாதையில் ஓடிப் பழகினார். 400 மீட்டர் வேகமாக, பிறகு கொஞ்சம் மெதுவாக, மறுபடி வேகமாக. இப்படி ஒரே நாளில் 40 தடவை ஓடுவாராம். ஓடும்போது முகம் கோணும், தலை ஆடும், நாக்கு வெளியே தள்ளும். பார்க்கிறவன் இந்த ஆள் இப்ப விழப்போறான்னு நினைப்பான். விழுந்ததென்னவோ மற்றவர்கள்தான். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் தங்கம், 5,000 மீட்டரில் வெள்ளி.

அடுத்தது 1952, ஹெல்சிங்கி. திடலை 25 சுற்றுச் சுற்றும் 10,000 மீட்டரை 29 நிமிடம் 17 விநாடியில் முடித்துத் தங்கம் வாங்கினார். நாலு நாள் கழித்து 5,000 மீட்டர். கடைசிச் சுற்றில் இங்கிலாந்துக்காரர் சாட்டவே, ஜெர்மனியின் ஷாடே, பிரான்சின் மிமூன் மூன்று பேரும் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். கதை முடிஞ்சதுன்னு எல்லாரும் நினைத்த நேரத்தில், கடைசி வளைவில் வெளிப்பக்கமாகப் பாய்ந்து மூவரையும் முந்தினார். சாட்டவே ஓரக்கட்டையில் கால் தட்டி விழுந்தார். அன்றைக்கே அவர் மனைவி டானா ஈட்டி எறிவதில் தங்கம் வாங்கினார்.

அது போதாதென்று மாரத்தானிலும் பெயர் கொடுத்தார். வாழ்க்கையில் அதற்கு முன் 42 கிலோமீட்டர் பந்தயம் ஓடியதே இல்லை. உலகத்திலேயே வேகமானவர் என்று பேரெடுத்த ஜிம் பீட்டர்ஸ் பக்கத்தில் ஓடி, இந்த வேகம் சரியா என்று விசாரித்தார். அவரைக் குழப்பிவிட நினைத்த பீட்டர்ஸ், ரொம்ப மெதுவு என்றார். அப்படியா என்று இவர் முன்னால் போய்விட்டார்! பீட்டர்ஸ் பாதியில் விட்டுவிட, 2 மணி 23 நிமிடத்தில் மூன்றாவது தங்கமும் வந்தது. ஒரே ஒலிம்பிக்கில் இந்த மூன்றையும் ஜெயித்தவர் வேறு யாரும் கிடையாது.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது, அவர் ஹெல்சிங்கிக்குப் போவதற்கு முன்னால் நடந்தது.

அதே குழுவில் ஸ்தானிஸ்லாவ் யுங்விர்ட் என்றொரு இளைஞர், 1,500 மீட்டர் ஓட்டக்காரர். அவருடைய அப்பா அரசியல் கைதி. அதனால் மகன் வெளிநாடு போகக்கூடாது என்று மேலிடம் பேரை வெட்டிவிட்டது. அவன் போகலன்னா நானும் போகல என்று ஸாட்டோபெக் நின்றுவிட்டார். விமானம் இரண்டு பேரையும் விட்டுப் பறந்தது. அது ஆட்களைச் சிறைக்கும் சுரங்கத்துக்கும் அனுப்பிய காலம். பட்டாள உத்தியோகம், பதக்கம், குடும்பம் எல்லாமே போயிருக்கும். பெரட்டில் ஒருத்தன் பேரை வெட்டினால் பக்கத்தில் நிற்கிறவன் எப்படித் தலையைக் குனிவான் என்று நமக்குத் தெரியும். இவர் குனியவில்லை. கடைசியில் மேலிடம்தான் இறங்கி வந்தது. இருவரும் ஹெல்சிங்கி போய்ச் சேர்ந்தார்கள். அந்த யுங்விர்ட், 1957-ல் 1,500 மீட்டரில் உலக சாதனை செய்தார்.

1968-ல் சோவியத் டாங்கிகள் பிராக் நகருக்குள் வந்தபோது ஸாட்டோபெக் தெருவில் நின்று எதிர்த்துப் பேசினார். பட்டாளத்திலிருந்தும் கட்சியிலிருந்தும் விலக்கினார்கள். மூன்று தங்கம் வாங்கியவர், மனைவியைப் பிரிந்து, ஊர் ஊராகப் போய் நிலத்தில் துளை போடும் கூட்டத்தில் பல வருஷம் உழைத்தார். இடையில் அரசுக்குப் பணிந்து பேசியதும் உண்டு. அதைக் குறை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சொல்லட்டும். மேலிடம் ஒரு மனுஷனை எப்படி நெருக்கும் என்று தெரிந்த நமக்கு, அவரைத் தூற்ற வாய் வராது.