எழுத்தறிவிக்கலாகாது என்ற கட்டளை

தென்னமெரிக்காவின் வடகரையில், அத்திலாந்திக் சமுத்திரத்தை நோக்கிக் கிடப்பது கயானா நாடு. அதன் ஒரு பகுதியாகிய டெமராரா, இலங்கையின் கரையோரங்களைப் போலவே, ஏறத்தாழ அதே காலத்தில் ஒல்லாந்தர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கடல் மட்டத்துக்குத் தாழ்ந்த சதுப்பு நிலம் அது. அங்கே அணை கட்டியும் வாய்க்கால் வெட்டியும் கரும்பும் பருத்தியும் கோப்பியும் விளைவித்தவர்கள் ஆபிரிக்காவிலிருந்து விலைக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்தம் பிள்ளைகளுமாவர். 1823ஆம் ஆண்டளவில் டெமராராவிலும் அயலிலுள்ள எசெக்கிபோவிலும் அவர்கள் தொகை எழுபதினாயிரத்துக்கு மேல்.

இந்நாட்டுக்கு 1817 பெப்ரவரியில் இலண்டன் மிஷன் சங்கத்தின் போதகராக யோன் சிமித் என்பவர் மனைவி யேனுடன் வந்திறங்கினார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. இளமையில் தந்தையை இழந்து, இலண்டனில் ரொட்டி சுடும் தொழில் பழகியவர் அவர். ஞாயிற்றுக்கிழமைப் பாடசாலையிற் கற்றதற்கு மேல் அவருக்குப் பெருங்கல்வி இல்லை. தேசாதிபதி மரே அவரிடம் ஒரே எச்சரிக்கையை விடுத்தார்: அடிமை ஒருவனுக்கேனும் எழுத்தறிவித்தால் நாடுகடத்தப்படுவீர் என்பதே அது. அனுப்பிய சங்கமோ, எசமானர்மீது அடிமைகளுக்கு வெறுப்பூட்டும் சொல் ஒன்றும் வாயினின்று பிறக்கலாகாது எனப் பணித்திருந்தது. ஆளுவோரும் அனுப்பியோரும் விதித்த இவ்விரு வேலிகளுக்கு நடுவே அவர் ஊழியஞ் செய்ய வேண்டியிருந்தது.

லெ ரெசுவெனிர் என்னுந் தோட்டத்திலிருந்த பெத்தேல் ஆலயத்துக்கு ஞாயிறுதோறும் பல தோட்டங்களிலிருந்து மக்கள் திரண்டு வந்தார்கள். வினாவிடைகள் வாய்மொழியாகக் கற்பிக்கப்பட்டன. ஆயினும் முன்னரே சிறிது படித்திருந்தவர்கள் மற்றவர்களுக்குத் தாமே எழுத்தைக் காட்டிக் கொடுத்தார்கள். அடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்ட இஸ்ரவேலரின் வரலாறு வாசிக்கப்படுகையில், அது யாருடைய கதை என்பதை எவரும் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒருமுறை, ஆதியாகமத்தில் நிலத்தைத் தருவதாகக் கடவுள் வாக்களிக்கும் பகுதியைச் சிமித் வாசியாமல் விட்டுவிட்டார். கேட்போர் அதனைத் தமக்குரிய வாக்காகக் கொள்வர் என அஞ்சியதாகத் தம் நாட்குறிப்பில் எழுதினார். கலகத்தை மூட்டினார் என்று பிற்காலத்திற் குற்றஞ்சாட்டப்பட்ட மனிதரின் எச்சரிக்கை இத்தகையது!

அச்சபையின் உதவிக்காரருள் முதன்மையானவர் குவாமினா. அவர் சக்செஸ் என்னுந் தோட்டத்துத் தச்சர். 1822இல் அவர் மனைவி பெகி நோயுற்றுக் கிடந்தபோது, அருகிலிருந்து பார்க்க அவருக்கு ஓய்வு கொடுக்கப்படவில்லை. ஒருநாள் இரவு வேலை முடிந்து வீடு திரும்பியவர் கண்டது மனைவியின் உடலையே.

1823 மே மாதத்தில், எசமானரின் அனுமதிச் சீட்டின்றி அடிமைகள் ஆலயஞ் செல்லலாகாதென்று தேசாதிபதி ஆணையிட்டார். அதே மாதத்தில் இலண்டன் பாராளுமன்றமோ அடிமைகளின் நிலையைத் திருத்தத் தீர்மானித்தது. பெண்களைச் சவுக்கால் அடிப்பதையும், வயலிற் சவுக்கேந்தி வேலை வாங்குவதையும் நிறுத்த வேண்டுமென்ற அறிவுறுத்தல் ஆடி மாதத்தில் டெமராராவை அடைந்தது. அதனை அதிகாரிகள் அடிமைகளுக்கு வெளியிடாது வைத்திருந்தனர். மாளிகைப் பணியாட்கள் வாயிலாகச் செய்தி கசிந்து, அரசர் விடுதலை அளித்துவிட்டார், இங்குள்ளோர் மறைக்கின்றனர் என்று பரவியது. மறைத்தது மெய், மறைத்த பொருள் மட்டுமே வேறு.

ஆவணி 18ஆம் நாள் பல்லாயிரம் பேர் கிளர்ந்தனர். குவாமினாவின் மகன் யாக் கிளாட்ஸ்டன் முன்னின்றார். தந்தையோ பொறுமை வேண்டுமென்றே சொன்னவர். துரைமாரைத் தொழுமரத்தில் மாட்டித் துப்பாக்கிகளைப் பறித்தார்களேயன்றி, கொலை செய்தது மிக அரிது. எதிர்நின்ற படையினரோ பச்சலர்ஸ் அட்வெஞ்சர் என்ற ஓரிடத்தில் மாத்திரம் நூற்றுக்கு மேற்பட்டோரைச் சுட்டு வீழ்த்தினர். புரட்டாதியிற் குவாமினா சுடப்பட்டார். அவர் உடல் சக்செஸ் தோட்டத்தில் சங்கிலியிலே தொங்கவிடப்பட்டது.

சிமித் இராணுவ நீதிமன்றில் நிறுத்தப்பட்டார். சவுக்கடியின் ஓசையைக் கேட்டு வருந்தி எழுதிய அவரது நாட்குறிப்பே சான்றாக வாசிக்கப்பட்டது. மரண தண்டனை விதித்த மன்று, கருணைக்கும் பரிந்துரைத்தது. அரசரின் கருணையாணை கடல் கடந்து வருமுன், 1824 பெப்ரவரி 6ஆம் நாள் அவர் காசநோயாற் சிறையிலே மாண்டார். விடியுமுன் இருளிற் புதைத்தார்கள். பிரேதத்தின் பின் செல்ல மனைவிக்கு அனுமதியில்லை. ஆகவே அவர் விளக்கொன்றுடன் முன்னதாகச் சென்று குழியருகே காத்திருந்தார். சபையைச் சேர்ந்த கொத்தனொருவரும் தச்சரொருவரும் கல்லறைக்கு எழுப்பிய சிறு கட்டடமும் இடித்தெறியப்பட்டது.

இலண்டனில் இச்செய்தி பெருங் கொந்தளிப்பை உண்டாக்கியது. 1824 யூனில் பிரூம் என்பார் பாராளுமன்றத்திற் கொணர்ந்த கண்டனப் பிரேரணை 193க்கு 146 என்ற வாக்குகளால் தோற்றது. எனினும் அடிமை ஒழிப்பியக்கம் அன்றிலிருந்து புதுவேகம் பெற்றது. இங்கே ஓர் உண்மையை மறைத்தலாகாது. மாண்ட நூற்றுக்கணக்கான ஆபிரிக்கரைவிட, மாண்ட ஒரு வெள்ளைப் போதகருக்காகவே இங்கிலாந்து மிகுதியும் கண்ணீர் விட்டது. விடுதலையைக் கேட்டு நின்றவர்களோ அவர்கள்தாம்.

அடிமைத்தனத்தை ஒழிக்குஞ் சட்டம் 1834இல் நடைமுறைக்கு வந்தது. நட்டஈடாக இரண்டு கோடி பவுண் கொடுக்கப்பட்டது, எசமானர்களுக்கு! சக்செஸ் தோட்டத்தின் உடைமையாளரும், பிற்காலப் பிரதமரின் தந்தையுமான யோன் கிளாட்ஸ்டன் ஓர் இலட்சம் பவுணுக்கு மேற் பெற்றார். 1838இல், ஒப்பந்தக் கூலிகளை இந்தியாவிலிருந்து கயானாவுக்கு முதன்முதல் அழைப்பித்தவரும் அவரே. 1845 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. கயானாவில் இன்றும் மாரியம்மன் வழிபாடு நிலவுவதற்குக் காரணம் இதுவே.

சிமித்தின் பெயரால் 1843இல் தலைநகர் யோர்ச்டவுனில் ஆலயமொன்று எழுந்தது. தேசாதிபதி மரேயின் பெயரை அந்நகரின் வீதியொன்று நெடுங்காலந் தாங்கியிருந்தது. 1985இல் அப்பெயரை நீக்கி, அதற்குக் குவாமினா வீதி எனப் பெயரிட்டனர்.